லாத்வியா வேண்டாம் என்று சொன்ன சனிக்கிழமை

ஒரு சனிக்கிழமை முழுக்க நான் லாத்வியாவின் விவசாய அமைச்சராக இருந்தேன். மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் காலை ரயில் ஏறிப் போய், பின்னேரம் அதே பாதையில் திரும்பி வந்த அமைச்சர். பாதுகாப்புக்கு ஒருவரும் வரவில்லை. கைப்பையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு டப்பா நிறைய மீன் ரோல்ஸ், லாத்வியா என்று பெரிய எழுத்தில் அச்சடித்த மட்டை ஒன்று.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அது விளையாட்டே இல்லை. மெல்பேர்ணில் ஒரு அரசாங்க அலுவலகத்தில், பால் பொருள் ஏற்றுமதிக் கொள்கையைப் பார்க்கிற பிரிவில், ஓய்வு பெற்றுப் போன ஒருவருடைய கதிரையில் நான் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதிரை எனக்கே வேண்டுமென்றால், பகுதி நேரமாகப் படித்துக்கொண்டிருந்த முதுகலைப் பட்டத்தை முடித்தாக வேண்டும். எல்லாப் பாடமும் முடிந்து ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதிலும் ஏற்கெனவே ஒரு தரம் கோட்டை விட்டிருந்தேன். இன்னொரு தரம் விட்டால் கதிரை வேறு யாருக்கோ போகும். நான் பழையபடி மூலையில் இருந்து ஏற்றுமதிப் படிவங்களில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

அந்தப் பாடம், ஐரோப்பிய நாடுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் பொது விவசாயக் கொள்கை. அதை ஏன் அவுஸ்திரேலியாவில் இருந்து படிக்க வேண்டும் என்று என் கணவர் கேட்டார். அவர்கள் தங்கள் ஊரில் வயல் செய்கிற, மாடு வளர்க்கிற கமக்காரருக்கு எவ்வளவு அள்ளிக் கொடுக்கிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் இங்கே இருந்து போகிற வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் விலை என்று சொன்னேன். அப்படியா என்றுவிட்டு அவர் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்.

விஷயம் உண்மையில் சுலபமானது. எல்லா நாடுகளும் ஒரு பொதுப் பானையில் காசு போடும். அந்தப் பானையில் இருந்து கமக்காரருக்குக் காணியின் அளவைப் பார்த்து உதவிப் பணம் போகும். ஆனால் ஆரம்பத்திலிருந்தே இருந்த நாடுகளுக்கு ஒரு ஹெக்டேயருக்கு ஒரு கணக்கு, பிந்திச் சேர்ந்த கிழக்குப் பக்கத்து நாடுகளுக்கு வேறு கணக்கு. கோயில் பந்தியில் முதலில் இருந்தவர்களுக்கு வடையும் பாயாசமும் போய், கடைசிப் பந்திக்கு ரசம் மட்டும் வருமே, அந்த மாதிரி. லாத்வியா கடைசிப் பந்தி. சில வருடங்களுக்கு ஒருமுறை அமைச்சர்கள் எல்லோரும் கூடி, இந்தப் பந்தியைத் திருத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு நாட்கணக்கில் பிடுங்குப்படுவார்கள்.

எங்கள் விரிவுரையாளர் ஒரு அயர்லாந்துக்காரர். இளவயதில் இந்தப் பேச்சுவார்த்தைகள் நடக்கும் மண்டபங்களுக்குள் ஆலோசகராக ஓடித் திரிந்தவர். பரீட்சை என்று ஒன்று வைக்க மாட்டார். ஒரு சனிக்கிழமை வகுப்பே அமைச்சர்கள் கூட்டமாகிவிடும். "உங்கள் நாட்டுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகிறீர்கள் என்பதுதான் புள்ளி. வெறுங்கையோடு வீடு போனால் பெயில்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நாடுகளைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பொடியனுக்குப் பிரான்ஸ் விழுந்தது. எனக்கு லாத்வியா.

"நீர் லாத்வியாவைப் படத்திலயாவது கண்டனீரோ?" என்று என் கணவர் அன்றிரவு சாப்பிடும்போது கேட்டார்.

"காணேல்லை. அதுக்காக அந்தச் சனத்தின்ரை வயித்தில அடிக்கலாமோ?"

எனக்கே தெரியாமல் எனக்கு லாத்வியா மீது பாசம் வந்துவிட்டது. குளிர், காடு, சின்னச் சின்னக் காணிகள், இருட்டுகிற நேரத்தில் பால் கறக்கிற சனம். பிரான்ஸ்காரன் மாட்டுக்கு ஒரு விலை, எங்கள் மாட்டுக்கு வேறு விலையா என்று நான் குசினிக்குள் நின்று பொருமுவேன். இவரைப் பிரான்ஸாக வைத்து ஒத்திகை பார்த்தேன். சாரத்தோடு குசினிக் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்தபடியே பிரான்ஸ் என் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக நிராகரித்தது. ஒருநாள் எனக்குக் கோபம் தலைக்கேறி, பிரான்ஸுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது என்று அறிவித்தேன். பிரான்ஸ் உடனே வழிக்கு வந்தது. மேல்மாடியில் படித்துக்கொண்டிருந்த மகள், மாடுகளைப் பற்றிக் கத்துவதை நிறுத்துங்கள், நாளைக்கு எனக்கு மெத்ஸ் டெஸ்ட் இருக்கிறது என்று இங்கிலிஷில் சத்தம் போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்துக்குத் தலைவராக வந்தது, அதே பாடத்தை வேறு நாளில் படித்த ஒரு தமிழ்ப் பிள்ளை. டார்னெய்ட்டில் வீடு வாங்கி இருக்கிற ஐடிக்காரர். என் மட்டையில் கீழே சின்னதாக எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு அவராகத்தான் வந்து பேசினார்.

"அக்கா, நீங்க தமிழா? நான் கோயம்புத்தூர்."

"ஓம் தம்பி. நான் யாழ்ப்பாணம். இப்ப நோபல் பார்க்."

"சூப்பர்க்கா. ஆனா நான் தலைவர். உங்க பக்கம் சாய மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"ஆர் உம்மைச் சாயச் சொன்னது? லாத்வியா ஆரிட்டையும் கெஞ்சாது."

பெரிய வீறாப்புத்தான். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

காலையில் எல்லோரும் ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசினோம். நான் பாடமாக்கி வைத்திருந்ததைப் பிசகில்லாமல் ஒப்புவித்தேன். போலந்தாக இருந்த பஞ்சாபிக்காரர், கிறேகிபேர்னில் லொறிக் கம்பனி வைத்திருப்பவர், மேசையில் தட்டி எனக்கு ஆதரவு சொன்னார். போலந்தும் கடைசிப் பந்திதான். அதன் பிறகு தனித்தனிச் சந்திப்பு. உண்மையான கூட்டங்களிலும் இப்படி நடக்குமாம். ஒவ்வொரு அமைச்சரையும் தனியாக அழைத்து, உன் மனதில் உள்ளதைச் சொல், எது கிடைத்தால் இறங்கி வருவாய் என்று கேட்பார்களாம். தேவாலயத்தில் பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது போல என்று, அதற்குப் பாவசங்கீர்த்தனம் என்றே பட்டப்பெயர் இருக்கிறதாம். தலைவர் பெரிய நாடுகளைப் பார்ப்பது, கமிஷன் சின்ன நாடுகளைப் பார்ப்பது என்று எங்கள் விரிவுரையாளர் பிரித்துவிட்டார்.

கமிஷன் என்பது திட்டத்தை எழுதுகிற தரப்பு. அதற்கு இருந்தது பல்லாரட் பக்கத்துப் பால்பண்ணைக்காரர் ஒருவரின் மகள். இருபத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளை மனசு, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை. ஒரு சின்ன அறையில் என்னை இருத்திவிட்டு, சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"உங்கள் நிலைமை எனக்கு விளங்குகிறது. கிழக்கு நாடுகளின் உதவிப் பணத்தை நாங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் வேகமாக உயர்த்தலாம். முதலில் உங்களுக்குத் தருகிறேன். வேண்டுமா?"

அவ்வளவுதான். நான் வாரக்கணக்காக எதற்குத் தொண்டை கிழியக் கத்திப் பழகினேனோ, அது தட்டில் வைத்து முன்னால் நீட்டப்படுகிறது. என் மனம் துள்ளியது. வாய் என்ன செய்தது தெரியுமா?

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். அதெல்லாம் எதற்கு? நீங்கள் சிரமப்படாதீர்கள். நாங்கள் சமாளித்துக்கொள்வோம்."

சொல்லிவிட்டு நான் சிரித்த முகத்தோடு காத்திருந்தேன்.

எதற்குக் காத்திருந்தேன் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஒரு வீட்டுக்குப் போகிறோம். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்கிறார்கள். தொண்டை வறண்டு ஒட்டிப்போய் இருந்தாலும் வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனாங்கள் என்றுதான் சொல்வோம். சும்மா இருங்கோ, ஒரு வாய் குடியுங்கோ என்பார்கள். இல்லை இல்லை என்போம். அவர்கள் குசினிக்குள் போய்ப் போட்டுக்கொண்டே வந்துவிடுவார்கள். நாங்கள், எதுக்கு வீண் சிரமம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்குவோம். கேட்ட உடனே ஓம் என்கிறவரை எங்கள் சனம் ஒரு மாதிரித்தான் பார்க்கும். என் அம்மா சிறுவயதிலேயே தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பழக்கிய பழக்கம் இது. லாத்வியாவுக்கு அமைச்சரானாலும் தொடை அதே தொடைதானே.

பல்லாரட் பிள்ளையின் தொடையை யாரும் கிள்ளியிருக்கவில்லை. அவள் கண்கள் விரிந்தன. "எவ்வளவு பெருந்தன்மை! மிக்க நன்றி" என்று சொல்லி, மடிக்கணினியில் எதையோ தட்டினாள். "இன்னும் ஏதாவது?"

நான் இரண்டாம் தரம் கேட்பாள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன். கதிரையில் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன். லாத்வியாவில் இந்த வருடம் குளிர் அதிகம் என்று பொதுவாக ஒரு வார்த்தை விட்டுப் பார்த்தேன். அவள் பாவம் என்றாள். பிறகு எழுந்து கதவைத் திறந்து எஸ்தோனியாவைக் கூப்பிட்டாள்.

மத்தியானம் சமரசத் திட்டத்தின் பிரதி எல்லோருக்கும் வந்தது. எஸ்தோனியாவுக்கு உயர்வு இருந்தது. லித்துவேனியாவுக்கு இருந்தது. போலந்துக்குக்கூடக் கொஞ்சம் கிள்ளித் தெளித்திருந்தார்கள். லாத்வியாவுக்கு நேரே, தற்போதைய நிலையே போதுமென்று அந்நாடு பெருந்தன்மையுடன் தெரிவித்துள்ளது என்று இருந்தது. எனக்கு அந்தப் பிள்ளை மேலும் கோபம், என் வாய் மேலும் கோபம், அம்மா மேலும் கோபம். கதிரை கையை விட்டுப் போகிறது என்று நினைத்தபோது கண்ணும் கலங்கியது. வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.

தம்பி தேடிக்கொண்டு வந்தார். ஒரு ரோல்ஸை நீட்டினேன்.

"வேணாம்க்கா, இப்பத்தான் சாப்பிட்டேன்."

"சும்மா எடும்."

"இல்லக்கா, பரவால்ல."

"பிடியும் எண்டுறன்!"

வாங்கிக் கடித்தார். பிறகுதான் கேட்டார். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? காலைல அவ்ளோ ஆவேசமாப் பேசினீங்க. கமிஷன் தர்றேன்னு சொன்னப்ப வேணாம்னுட்டீங்களாமே?"

"அது சும்மா சொன்னது தம்பி! அவள் திருப்பிக் கேப்பாள் எண்டெல்லோ நினைச்சன்!"

ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. வாயில் இருந்த ரோல்ஸ் புரையேறிவிட்டது. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. முதுகில் தட்டிக்கொண்டே நானும் சிரித்தேன். போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

சிரித்து முடிந்ததும் அவர் தலைவராகிவிட்டார். "நான் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. பேப்பர் வந்தாச்சு. சபையில நீங்களாத்தான் ஒத்துக்க மாட்டேன்னு சொல்லணும். உங்ககூட போலந்தும் நின்னாத்தான் அது செல்லும்."

போலந்து சம்மதித்தார். தன்னுடைய பங்கு கூடினாலும் குறைந்தாலும் ஒரு சண்டை இல்லாமல் வீடு போக அவருக்கு மனமில்லை.

பின்னேரம் கடைசிச் சுற்று. தலைவர் மேசையைச் சுற்றி ஒவ்வொரு நாடாகக் கேட்டுக்கொண்டு வந்தார், இந்தத் திட்டத்தை ஏற்கிறீர்களா என்று. பிரான்ஸ் முணுமுணுத்துவிட்டு ஏற்றது. ஜேர்மனி ஏற்றது. ஸ்பெயின் தக்காளிக்கு ஏதோ வாக்குறுதி வாங்கிக்கொண்டு ஏற்றது. போலந்து, லாத்வியா சொல்வதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றது. சபை முழுக்க என் பக்கம் திரும்பியது.

"லாத்வியா ஏற்கவில்லை" என்றேன்.

விரிவுரையாளர் மூலையில் இருந்து நிமிர்ந்தார். பல்லாரட் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் அவசரமாகக் காகிதங்களைப் புரட்டி, காலையில் சொன்ன உயர்வைத் திரும்பவும் சேர்க்கலாம் என்று தலைவரின் காதில் சொன்னாள். அவர் அதைச் சபைக்குச் சொன்னார். எனக்கு வேண்டியது அதுதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்" என்றது வாய்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் தந்திரம் எதுவும் செய்யவில்லை. அது தானாக வந்தது. இதற்கு மேல் என்னை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று நினைத்தேன். ஆனால் இந்தத் தரம் கேட்டது பல்லாரட் இல்லையே. கோயம்புத்தூர். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பந்தியில் நின்று பரிமாறுகிறவர்கள் இலையைப் பார்த்து, என்ன ஒண்ணுமே சாப்பிடல என்று குனிவார்களே, அதே குனிவு.

"அப்படிச் சொன்னால் எப்படி, அமைச்சர் அவர்களே? இன்னும் கொஞ்சம் பாருங்கள். சின்னக் காணிகளுக்கு முதல் சில ஹெக்டேயருக்குத் தனியாக ஒரு தொகையும் சேர்க்கலாமே?" என்று இங்கிலிஷில் கேட்டார். கமிஷனைக் கலந்து பேசவில்லை. பல்லாரட் பிள்ளை அவரை வாய் பிளந்து பார்த்தாள்.

"இல்லை, அது உங்களுக்குச் சிரமம்" என்றேன்.

"ஒரு சிரமமும் இல்லை. லாத்வியா எடுக்காவிட்டால் எனக்கு மனவருத்தம்."

அந்தச் சபையில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். ஐரோப்பாவின் விவசாயக் கொள்கையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, இரண்டு தமிழர்கள் ஒரு தட்டை இங்கும் அங்குமாகத் தள்ளிக்கொண்டிருந்தோம். பிரான்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. விரிவுரையாளர், உண்மையான கூட்டங்களில் நேரம் போதாவிட்டால் சுவர்க் கடிகாரத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு, எழுந்து போய் எங்கள் கடிகாரத்தின் பற்றரியைக் கழற்றினார்.

தம்பி மூன்றாம் தரம் கேட்டார். உயர்வும் உண்டு, சின்னக் காணிகளுக்கான தொகையும் உண்டு, அது போலந்துக்கும் உண்டு. நான் பெருமூச்சு விட்டேன்.

"சரி, நீங்கள் இவ்வளவு வற்புறுத்துவதால்" என்றேன்.

போலந்து மேசையை இரண்டு கையாலும் அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. மட்டையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். விரிவுரையாளர் கடைசியில் பேசும்போது, வலியத் தந்ததை அவ்வளவு அமைதியாக இரண்டு தரம் தள்ளிவிட்டுக் காத்திருந்த ஒரு அமைச்சரை உண்மையான மண்டபங்களில்கூட அரிதாகத்தான் கண்டிருக்கிறேன், காலையில் அவர் விட்டுக்கொடுத்ததே கமிஷனை அசட்டையாக்கிய உத்தி என்று இப்போது விளங்குகிறது என்றார். நான் தலையைக் குனிந்து, அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை என்றேன். அதையும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது பல்லாரட் பிள்ளை ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அவர் இன்னும் மேலே போவார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் காலையில் அவளால் நான் பட்ட பாட்டை நினைத்து, அதெல்லாம் அனுபவம் என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனேன்.

பாஸாகிவிட்டேன். நல்ல புள்ளிதான். இவர் ஒரு கிழமைக்கு என்னை மாண்புமிகு என்றுதான் கூப்பிட்டார். மாண்புமிகு, உப்பு எங்கை? மாண்புமிகு, குப்பைத் தொட்டியை ஆர் வெளியில வைக்கிறது?

முடிவு கையில் கிடைத்த அடுத்த வாரம் அலுவலகத்தில் என் மேலதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டார். அவுஸ்திரேலியப் பெண்மணி, நல்லவர், நேரத்தை வீணாக்க மாட்டார். பட்டம் முடித்ததற்கு வாழ்த்துச் சொன்னார். மேசையில் இருந்த காகிதங்களை ஒதுக்கி வைத்தார்.

"அந்தப் பதவியை உங்களுக்கே நிரந்தரமாகத் தர விரும்புகிறோம். எடுத்துக்கொள்கிறீர்களா?"

"ஐயோ, எனக்கெதற்கு?" என்றேன். "என்னைவிடப் பொருத்தமான ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள்."

அவருடைய முகம் வாடியது. "ஓ. நான் நீங்கள் விரும்புவீர்கள் என்று நினைத்தேன். பரவாயில்லை, உங்கள் முடிவை நான் மதிக்கிறேன்" என்று சொல்லி, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். அவருடைய விரல் எழுத்துகளின் மேல் இறங்கப் போனது. இங்கே தலையைச் சாய்க்க ஒரு தம்பி இல்லை. இத்தனை வருட உழைப்பும், பெயிலாகிய அவமானமும், இவர் உரித்த வெங்காயமும் அந்த விரலுக்குக் கீழே கிடந்தன.

"இன்னொரு தரம் கேளுங்கள்" என்றேன்.

"மன்னிக்கவும்?"

"அதே கேள்வியை. தயவுசெய்து, இன்னொரு தரம் என்னைக் கேளுங்கள்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தார். பிறகு, குழந்தையிடம் கேட்பது போல ஒவ்வொரு சொல்லாக, திரும்பவும் கேட்டார்.

"ஓம்" என்றேன். வாயில் தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்க வேண்டுமே என்று இங்கிலிஷிலும் ஒரு தரம் சொன்னேன்.